கூடுதல் பத்து

பிப்ரவரி. டூலூத்தில் ஏரி உறைந்து
கப்பல்கள் இரும்புத்தாதை மறந்து நிற்கும் மாதம்.
பாதி வகுப்பு தோற்கும்போலிருந்தது.
ஓவிய வகுப்புக்கும் என் ஆங்கில வகுப்புக்கும் ஒரே சுவர்;
அந்தப் பக்கம் பெடர்சன் தூரிகை கழுவினால்
இந்தப் பக்கம் குழாய் முனகும்.
இருவரும் சேர்ந்து ஒரு தாள் எழுதிக் கதவில் ஒட்டினோம்:
கூடுதல் மதிப்பெண் வேண்டுவோர் ஏதேனும் ஒன்றைச் செய்க.
பத்துக்கு மேல் கிடையாது.

முதல் மூன்று யோசனைகள் ஒழுங்கானவை,
அதாவது, யாரும் தொடமாட்டார்கள்.
நான்காவதிலிருந்து காப்பி வேலை செய்யத் தொடங்கியது.

பெயின்ட் கடை வண்ண அட்டைகளைத் திரட்டு,
அவற்றிலுள்ள பெயர்களை மட்டும் வைத்து
ஒரு காதல் முறிந்ததைச் சொல்.
பதினோராம் எண் பேருந்தின் கால அட்டவணையை
இரண்டு பேர் போடும் சண்டையாக மாற்று.
ஒரு மணி நேரம் ஓரிடத்தில் நில்:
அசையாததை வரை, அசைவதை எழுது.
(மூக்கு உறைந்தால் பள்ளி பொறுப்பல்ல
என்று பெடர்சன் பென்சிலால் சேர்த்தார்.)
கடைசியாக, தாளில் இடம் மிச்சமிருந்ததால்,
அலுவலக வாசலில் தொலைந்த பொருள் பெட்டி இருக்கிறதே,
அதிலிருந்து ஒன்றை எடு.
முகம் வரைவதுபோல் அதை வரை.
தொலைத்தவருக்கு அது எழுதும் கடிதத்தை
நீ எழுது.

மூன்று வாரம் தாள் சும்மா தொங்கியது.
எட்டாம் எண்ணுக்கு யாரோ மீசை வைத்தார்கள்.
ஷெங் ஸியோங்கின் காதல்
'முதல் எலுமிச்சை'யில் தொடங்கி
'ஈரச் சிமென்ட்'டில் முடிந்தது. ஒன்பது போட்டேன்.
ஒன்று ஏன் குறைந்தது என்று கேட்டாள்.
எனக்கே தெரியவில்லை. திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு வெஸ்லி ஹூடாலா.
தேர்ச்சிக்கு மொத்தத்தில் பதினொன்று குறைந்தவன்.
ஆண்டு முழுக்க அவன் எனக்குத் தந்தது
மூன்று பத்திகளும் ஒரு தும்மலும்.
செவ்வாய்க்கிழமை, ஒரு பீட்சா பெட்டியில்,
ஒன்று கேட்ட இடத்தில் இருபத்துமூன்று.

ஒரு பல் கிளிப்:
"நான் இல்லாமலே சிரிக்கப் பழகிவிட்டாயா?"
ஒரு கால்குலேட்டர்:
"கடைசியாகக் கேட்டாயே, அதற்கு விடை பதினான்கு."
ஒரு பனிக்காலணி, ஒற்றைக்கால்:
"அன்று நீ எப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தாய்?"
எல்லாம் கரிக்கோலில். காலணியின் நாக்கு
அடுத்த வார்த்தைக்குத் தயாராக இருந்தது.

பதினேழாவது, சாம்பல்நிற இடக்கையுறை.
கட்டைவிரல் மடிப்பில் சிவப்பு மசிக்கறை.
இடக்கையால், சிவப்பு மசியில் திருத்துகிறவள்
இந்தத் தளத்தில் நான் ஒருத்திதான்.
கடிதம் சிறியது:
"வலது இன்னும் கோட்டுப் பையில் இருப்பதாகக் கேள்வி.
அதைத் தூக்கியெறிய மனம் வராதவருக்கு
இந்தப் பெட்டிவரை நடக்க ஏன் மனம் வரவில்லை?"

எழுந்துபோய்க் கோட்டைத் தடவினேன்.
இருந்தது. போன ஜனவரியிலிருந்து.
பெட்டியைத் தாண்டித்தான் தினமும் காப்பிக்குப் போகிறேன்.

பத்துக்கு மேல் கிடையாது என்பது என் கையெழுத்து.
பெடர்சனிடம் கொண்டுபோனேன்.
அவர் கையுறையின் தையலையே நெடுநேரம் பார்த்தார்.
"தாளில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கிறதே,
உன் பத்து, என் பத்து," என்றார்.
பதினாறு வருடமாக நடுவில் சுவர்;
இந்தக் கூட்டல் எனக்குத் தோன்றவே இல்லை.

மணி அடித்ததும் வெஸ்லியைக் கேட்டேன்:
கையுறையை எடுத்துக்கொள்ளட்டுமா?
"கண்காட்சி முடியட்டும் மிஸ்.
ஏப்ரல் பத்தொன்பதுவரை அது என் படைப்பு."
பெட்டியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
வலக்கையில் கையுறை, இடக்கை பைக்குள்.
கார் வந்ததும் சாவியை
வராத கையால் திருகித் திருகிப் பார்த்தேன்,
யாரோ ஒரு மாணவி
முதல் பத்தி எழுதுவதுபோல.